பாங்கு நேரம் சொல்லும் செயலி நம்மைப் பற்றி யாரிடம் சொல்கிறது?

நோன்புக் காலத்தில் ஸஹர் முடிவையும் இஃப்தார் நேரத்தையும் கைப்பேசிச் செயலியைப் பார்த்துத்தான் நம்மில் பலர் அறிகிறோம். இலவசம் என்பதால், அது கேட்கும் 'இருப்பிட அனுமதி'யை யோசிக்காமல் கொடுத்துவிடுகிறோம்.

2020 நவம்பரில் அமெரிக்காவின் 'மதர்போர்டு' இணைய இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. 9 கோடிக்கும் அதிகமான முறை பதிவிறக்கப்பட்ட 'முஸ்லிம் புரோ' செயலியிலிருந்து, அதைப் பயன்படுத்துவோரின் இருப்பிட விவரம் 'எக்ஸ்-மோட்' என்ற தரகு நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தரகரிடம் விவரம் வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களும் இருந்தார்கள். ராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என்று செயலி நிறுவனம் மறுத்தது. ஆனாலும் எக்ஸ்-மோடுடனான தொடர்பை உடனே துண்டித்துக்கொண்டது.

இது எப்படி நடக்கிறது? செயலிக்குள் வேறொரு நிறுவனத்தின் சிறு மென்பொருள் துண்டு சேர்க்கப்படுகிறது. அதற்காகச் செயலிக்காரருக்குப் பணம் வருகிறது. அந்தத் துண்டு, கைப்பேசியின் விளம்பர அடையாள எண்ணோடு நாம் நிற்கும் இடத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். "பெயரை எடுப்பதில்லையே" என்பார்கள். இரவில் ஒரே வீடு, பகலில் ஒரே கடை, வெள்ளிதோறும் ஒரே பள்ளிவாசல் என்றால் பெயர் எதற்கு? அன்னவாசலில் சின்னப் பையனே ஆளைச் சொல்லிவிடுவான்.

வாடிக்கையாளரின் விருப்பமறிந்து பொருள் காட்டுவது தவறல்ல. நம் ஊர் ஜவுளிக் கடைக்காரர் பெருநாளைக்கு முன் அதைத்தான் செய்கிறார். ஆனால் அவர் அறிந்தது அவர் கடையோடு நிற்கிறது. நமக்குத் தெரியாத மூன்றாமவருக்கு விலைபோவதில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்று நமக்குக் கற்றுத்தருகிறது சூரத்துந் நூர். இங்கே கேட்கப்படுவது தொழுகை நேரத்துக்கான அனுமதி. நுழைகிறவரோ விளம்பரத் தரகர்.

நாட்டின் சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்கிறது. மருத்துவச் செயலி ஒன்று நம் தொலைபேசித் தொடர்புப் பட்டியலைக் கேட்டால், நாம் 'சரி' சொல்லியிருந்தாலும் அது செல்லாது என்று அச்சட்டமே உதாரணம் காட்டுகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காவல் நாமேதான்.

இருப்பிட அனுமதியை நீக்கிவிட்டு, ஊர்ப் பெயர் கேட்கும் இடத்தில் 'புதுக்கோட்டை' என்று தேர்ந்தெடுத்தால் போதும். அன்னவாசலுக்கும் அதற்கும் தொழுகை நேரத்தில் ஒரு நிமிட வித்தியாசம்கூட வராது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில், விளம்பரங்கள் என்ற பகுதியில் அந்த அடையாள எண்ணையும் அழித்துவிடலாம். வீட்டிலுள்ள பெண்கள், பிள்ளைகளின் கைப்பேசிகளிலும் இதைச் செய்து கொடுங்கள்.