பால்மர்ஸ்டனின் போர்க்கப்பலும் ஹரோத் தமிழரின் கடவுச்சீட்டும்

கடல் கடந்த தன் நலன்களைக் காக்க ஒரு நாடு படை அனுப்பலாமா? 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை இரண்டாகப் பிளந்த கேள்வி இது. அன்று இரு பக்கமும் நின்று வாதாடியவர்களில் மூவர் ஒரே பள்ளியின் பழைய மாணவர்கள். லண்டனின் வடமேற்கில், ஹரோ குன்றின் மேல் 1572இல் தோன்றிய ஹரோ பள்ளிதான் அது. வெளியுறவுச் செயலர் பால்மர்ஸ்டனும் அவரைக் கண்டித்த அபர்டீனும் அங்கே ஒரே காலத்தில் படித்தவர்கள். முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் அவர்களுக்குச் சற்றுப் பிந்தியவர். அரை நூற்றாண்டு கழித்து, 1905இல், ஜவஹர்லால் நேரு என்ற மாணவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். இன்று அந்தக் குன்றைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழத்தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முதலில் 1850இன் வழக்கு. டேவிட் பசிஃபிகோ என்ற யூத வணிகர் ஏதென்ஸில் வாழ்ந்தார். ஒருகாலத்தில் அங்கே போர்ச்சுக்கலின் தூதரக அதிகாரியாக இருந்தவர். ஆனால் ஜிப்ரால்டரில் பிறந்ததால் தான் பிரிட்டிஷ் குடிமகன் என்றார். 1847 ஈஸ்டரின்போது ஒரு கும்பல் அவர் வீட்டுக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. யூதாஸின் உருவபொம்மையை எரிக்கும் வழக்கத்துக்கு அவ்வாண்டு விதிக்கப்பட்ட தடைதான் அதற்குத் தூண்டுதல். காவல் துறை தடுக்கவில்லை. கிரேக்க அரசு இழப்பீடும் தரவில்லை. பசிஃபிகோ முப்பதாயிரம் பவுண்டுக்கும் மேல் கேட்டார். அதில் பெரும்பங்கு வீட்டுச் சாமான்களுக்கானது அல்ல. போர்ச்சுக்கல் அரசு தனக்குத் தர வேண்டிய பணத்துக்கான ஆவணங்கள் கலவரத்தில் அழிந்துவிட்டன, அந்தத் தொகையைக் கிரேக்கம் தரட்டும் என்பது அவர் கணக்கு.

பால்மர்ஸ்டன் இதோடு இன்னும் சில கோரிக்கைகளைச் சேர்த்துக்கொண்டார். ஜார்ஜ் ஃபின்லே என்ற வரலாற்றாசிரியரின் நிலத்தைக் கிரேக்க மன்னர் தன் அரண்மனைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டது அவற்றில் ஒன்று. 1850 ஜனவரியில் அட்மிரல் வில்லியம் பார்க்கரின் கப்பற்படை ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸை மறித்தது; கிரேக்க வணிகக் கப்பல்கள் சிறைபிடிக்கப்பட்டன. கிரேக்கத்துக்குப் பிரிட்டனோடு சேர்ந்து காப்பு நாடுகளாக இருந்த பிரான்ஸும் ரஷ்யாவும் கொதித்தன. பிரான்ஸ் லண்டனிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்தது.

ஜூனில் பிரபுக்கள் சபை அரசைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அங்கே எதிர்த்தவர்களில் அபர்டீனும் உண்டு. காமன்ஸ் சபையில் பால்மர்ஸ்டன் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பேசினார். பழைய ரோமானியக் குடிமகன் எங்கே போனாலும் ரோமின் காவல் அவனோடு போனதுபோல, பிரிட்டிஷ் குடிமகன் எந்த நாட்டில் இருந்தாலும் இங்கிலாந்தின் வலிய கை அவனைக் காக்கும் என்பது சாரம். சபை மயங்கியது, 46 வாக்குகள் வித்தியாசத்தில் அரசு வென்றது. சபை உறுப்பினர் கிளாட்ஸ்டன் மயங்கவில்லை. ரோமானியக் குடிமகன் மற்றவர்களை மிதித்து நின்ற சலுகைக்காரன். அந்தச் சலுகையையா நாம் உலகிடம் கேட்கிறோம் என்றார். எதிர்த்துப் பேசிய பீலுக்கு அதுவே நாடாளுமன்றத்தில் கடைசிப் பேச்சு. மறுநாள் குதிரையிலிருந்து விழுந்தார். ஜூலை 2இல் இறந்தார்.

பணம் என்னவாயிற்று? போர்ச்சுக்கல் ஆவணங்களுக்காகப் பசிஃபிகோ கேட்டது 26,000 பவுண்டுக்கும் மேல். பின்னர் ஆணையம் ஒன்று விசாரித்து, அந்தக் கணக்கில் அவருக்கு உரியது 150 பவுண்டு என்று முடிவு செய்தது. ஒரு கப்பற்படையை அனுப்பி, இரண்டு வல்லரசுகளைப் பகைத்து, 150 பவுண்டு! ஆனால் பால்மர்ஸ்டனின் புகழ் ஏறியது. வெளிநாட்டுப் படையெடுப்பின் லாபம் உள்ளூர் அரசியலில் வரவாவது அன்றே பழகிப்போன வித்தைதான்.

பசிஃபிகோ ஏமாற்றுக்காரர் என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. அவர் வீடு சூறையாடப்பட்டது உண்மை. யூதர் என்பதால்தான் அது நடந்தது என்பதும் உண்மை. 1983 ஜூலையில் கொழும்பில் வீடு எரிந்து ஓடிவந்த ஒருவரிடம் போய், “ஒரு வல்லரசு உன் வீட்டுக்காகக் கப்பல் அனுப்பியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாயா?” என்று கேட்டுப் பாருங்கள். பால்மர்ஸ்டனின் வாதத்துக்கு உயிர் இருப்பது இந்த இடத்தில்தான். அது செத்துப்போகும் இடமும் உண்டு: இதே கடனைப் பிரான்ஸ் வைத்திருந்தால் பிரெஞ்சுத் துறைமுகத்தை அவர் மறித்திருப்பாரா? கிரேக்கம் சின்ன நாடு, பெரிய கப்பற்படை இல்லாத நாடு. எளிய நாட்டிடம் மட்டும் செல்லுபடியாகும் உரிமையை உரிமை என்று எப்படிச் சொல்வது?

பிரேயஸை மறித்த அதே பார்க்கர், சில ஆண்டுகளுக்கு முன் சீனாவில் அபின் போரின் கடற்படைத் தளபதி. அந்தப் போர் தொடங்கியபோதும் வெளியுறவு பால்மர்ஸ்டன் கையில்தான் இருந்தது. காக்கப்பட்ட “நலன்” அபின் வணிகம். அதற்குச் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் போனார்கள். 1841 மே மாதம், கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லியில், 37ஆம் சென்னைக் காலாட்படையின் ஒரு பிரிவு கொட்டும் மழையில் தனித்து மாட்டிக்கொண்டது. நனைந்த துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. சுற்றிலும் ஆயிரக்கணக்கான கிராமத்தார். லண்டன் வணிகரின் நலனுக்காகச் சீன உழவர் முன்னால் நின்றது நம்மூர்ச் சிப்பாய். இந்தக் கணக்கை எந்த நாடாளுமன்ற விவாதமும் எழுதிப் பார்க்கவில்லை.

சட்டம் இதற்குப் பிறகு மெல்ல மாறியது. 1902இல் பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் கடன் வசூலிக்க வெனிசுவேலாவின் துறைமுகங்களை மறித்தன. அதன் எதிரொலியாக, 1907 ஹேக் மாநாடு ஒப்பந்தக் கடனுக்காகப் படை அனுப்புவதற்குக் கட்டுப்பாடு போட்டது. 1945இன் ஐ.நா. சாசனம் இன்னும் மேலே போய், படைபலத்தைப் பயன்படுத்துவதையே தடைசெய்தது. விதிவிலக்கு இரண்டுதான்: பாதுகாப்புச் சபையின் அனுமதி, ஆயுதத் தாக்குதலுக்கு எதிரான தற்காப்பு. வெளிநாட்டில் ஆபத்தில் இருக்கும் தன் குடிமக்களைக் காப்பதும் தற்காப்பே என்று பிரிட்டன் வாதிடுவதுண்டு. 1956இல் சூயஸ் படையெடுப்புக்கு அந்த வாதத்தைத்தான் எடுத்தது. வெளியுறவு அலுவலகத்தின் சொந்தச் சட்ட ஆலோசகர் ஜெரல்டு ஃபிட்ஸ்மாரிஸே அதை ஏற்கவில்லை. அமெரிக்கா பவுண்டின் கழுத்தைப் பிடித்ததும் படை நின்றது. கால்வாய் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு எகிப்து 1958இல் பேச்சுவார்த்தை மூலம் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. குண்டு வாங்கித்தராததைப் பேச்சு வாங்கித்தந்தது.

சூயஸைக் கடுமையாகக் கண்டித்த நேரு, 1961 டிசம்பரில் கோவாவுக்குப் படை அனுப்பினார். அது காலனியை மீட்பது, வேறு கணக்கு என்பார்கள், ஏற்கலாம். அவருடைய பேரன் ராஜீவ் காந்தி இலங்கைக்கு அனுப்பிய படையை அப்படிச் சுலபமாகக் கடந்துபோக முடியாது.

1987 ஜூன் 4. முற்றுகையில் இருந்த யாழ்ப்பாணத்தின் மேல் இந்திய விமானங்கள் உணவுப்பொருள் போட்டன. “ஆபரேஷன் பூமாலை.” இலங்கையின் அனுமதி இல்லை, பாதுகாப்புச் சபையின் அனுமதியும் இல்லை. சட்டப்படி பார்த்தால் அத்துமீறல். கீழே நின்றவர்களுக்கு ஆறுதல். ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் வந்தது. கூடவே இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் “நலன்” எங்கே இருந்தது என்பது தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குக் கேடாக எந்த வெளிநாட்டுப் படைக்கும் கொடுக்கக் கூடாது. அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டாகச் சீரமைக்க வேண்டும். வெளிநாட்டு வானொலி நிலையங்கள் இராணுவ, உளவு வேலைக்குப் பயன்படக் கூடாது. தமிழரின் பாதுகாப்பும் துறைமுகமும் ஒரே உறைக்குள் போயின. இரண்டும் முட்டிக்கொண்டபோது எது விட்டுக்கொடுக்கும் என்று யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை.

அக்டோபரில் போர் மூண்டது, பாதுகாக்க வந்த படைக்கும் புலிகளுக்கும் இடையே. 21ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ் போதனா மருத்துவமனைக்குள் இந்தியப் படை சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் கிளம்பும்போது ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டிருந்தார்கள். சென்னையில் இறங்கிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. பூமாலையை அண்ணாந்து பார்த்தவர்களும் அக்டோபரில் பதுங்குகுழியில் கிடந்தவர்களும் வேறு வேறு ஆட்கள் அல்லர். அவர்களில் சிலர் இன்று சவுத் ஹரோவில் கடை நடத்துகிறார்கள்.

நான் எடுத்துக்கொள்ளும் பாடம் படையே கூடாது என்பதல்ல. 2024 மார்ச்சில் சோமாலியாவுக்கு அப்பால், கடத்தப்பட்ட ரூவன் என்ற கப்பலை இந்தியக் கடற்படை மீட்டது. 17 மாலுமிகள் உயிரோடு திரும்பினர், 35 கொள்ளையர் சரணடைந்தனர். வேலை தெளிவு, முடிவு தெளிவு, அந்நிய மண்ணில் கால் வைக்கவில்லை. 1990இல் குவைத்தில் சிக்கிய ஒன்றே முக்கால் லட்சம் இந்தியர்களை அழைத்துவந்ததோ பயணிகள் விமானங்கள். ஆளை மீட்கப் போகும் படைக்கு வேலை முடியும் நாள் ஒன்று இருக்கிறது. துறைமுகத்தையும் மரியாதையையும் காக்கப் போகும் படைக்கு அந்த நாள் இல்லை.

செங்கடல் இன்னும் சிக்கலானது. ஹரோவிலிருந்து மெட்ரோபொலிட்டன் ரயிலில் நான்காவது நிலையம் நார்த்வுட். பிரிட்டனின் வெளிநாட்டு இராணுவ நடவடிக்கைகளை நடத்தும் தலைமையகம் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. 1982 ஃபாக்லாந்து போரை நடத்தியதும் அங்கிருந்தே. செங்கடலில் கப்பல்களைத் தாக்கிவந்த யேமனின் ஹூதிகள் மேல் 2024 ஜனவரியில் பிரிட்டனும் அமெரிக்காவும் குண்டு போட்டன. சரக்குக் கப்பல்களின் வழியைக் காப்பது நோக்கம். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நம் கடைகளுக்குக் கப்பலில் வரும் அரிசி மூட்டையும் அந்த நலனுக்குள் அடக்கம். ஆனாலும் அந்த ஆண்டு முழுக்கப் பெரும்பாலான பெரிய கொள்கலன் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் போயின.

இனி, கடவுச்சீட்டுக்கு வருவோம். பால்மர்ஸ்டனின் வலிய கை ஹரோத் தமிழருக்கும் நீளுமா? பிரிட்டிஷ் குடிமகனுக்குத் தூதரக உதவி சட்டப்படியான உரிமையே அல்ல. அரசு விரும்பினால் செய்வது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் தன் மற்ற நாட்டில் மாட்டிக்கொண்டால் பொதுவாக உதவ முடியாது என்று வெளியுறவு அலுவலகமே பயண அறிவுரையில் சொல்கிறது. இலங்கைக் குடியுரிமையையும் வைத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஈரானில் சிறைப்பட்ட நாசனின் ஜகாரி-ராட்கிளிஃப் இரட்டைக் குடியுரிமையாளர். ஷா காலத்தில் பீரங்கி வண்டிகளுக்கு ஈரான் முன்பணம் கொடுத்தும் பிரிட்டன் அவற்றை முழுதாகத் தரவில்லை. அந்தக் கடன் பல பத்தாண்டுகள் நிலுவையில் கிடந்தது. 2022 மார்ச்சில் பிரிட்டன் ஏறத்தாழ 39 கோடி பவுண்டைக் கட்டியது. அதே நாள்களில் அவர் வீடு திரும்பினார். இரண்டும் தனித்தனி விஷயம் என்றது அரசு.

குண்டு போடுவதற்கும் இதேபோல எழுதிய சட்டம் இல்லை. பிரிட்டனில் போருக்கு ஆணையிடும் அதிகாரம் முடியின் பெயரால் பிரதமரிடம் இருக்கிறது. 2003இல் இராக் போருக்கு முன் வாக்கெடுப்பு நடந்த பிறகு, நாடாளுமன்றத்தைக் கேட்பது மரபாகும் என்று எதிர்பார்த்தார்கள். 2013 ஆகஸ்டில் சிரியா மீது தாக்க அரசு கேட்டபோது 285க்கு 272 என்று காமன்ஸ் சபை மறுத்தும் காட்டியது. யேமன் தாக்குதலுக்கோ முன்கூட்டி வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஹரோ ஈஸ்ட், ஹரோ வெஸ்ட் உறுப்பினர்கள் உட்பட எவரும் ஆம் என்றோ இல்லை என்றோ கை தூக்குவதற்கு முன்பே விமானங்கள் போய்த் திரும்பிவிட்டன.