இழுப்பறையில் உறங்கும் முன்னோர்

நம் கத்தோலிக்க இல்லங்களில், பெட்டியின் அடியில் திருமுழுக்குச் சான்றிதழ்களோடும் அறுந்த செபமாலைகளோடும், ஸ்டூடியோவின் பெயர் பொறித்த காகித உறை ஒன்று கிடப்பதுண்டு. உள்ளே நெகட்டிவ் துண்டுகள் இருக்கும். சுவரில் மாட்டிய படத்தைக் கரையான் அரித்துவிட்டதே என வருந்துவோர், அப்படத்தின் மூலம் இவ்வுறைக்குள் இருக்கக்கூடும் என்பதை எண்ணுவதில்லை. கல்லறைத் திருநாள் நெருங்குகையில், "பாட்டிக்கு ஒரு படமும் இல்லையே, சாமி" என்போரிடம் நான் முதலில் கேட்பது அவ்வுறையைப் பற்றியே.

நெகட்டிவை அற்பமென்று எண்ணலாகாது. 1898ஆம் ஆண்டு மே மாதம், ஆண்டவரின் அடக்கச் சீலையெனப் போற்றப்படும் தூரின் நகர்த் துணியைச் செக்கோந்தோ பியா என்னும் வழக்கறிஞர் படமெடுத்தார். துணியில் மங்கலாயிருந்த முகம், கண்ணாடித் தகட்டின் நெகட்டிவில்தான் தெளிவுறத் தோன்றிற்று.

ஆயினும் பிலிம் அழியாப் பொருளன்று. அசிட்டேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். உறையைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அழிவு தொடங்கிவிட்டது என்று கொள்க. அந்த நெடி அருகிலுள்ள பிலிமையும் கெடுக்குமாதலால், அதனைத் தனியே பிரித்து முதலில் படியெடுக்க வேண்டும்.

படியெடுப்பது இன்று வீட்டிலேயே இயலும். கடிதங்களை நகலெடுக்கும் சாதாரண ஸ்கேனர் போதாது. பிலிமை ஊடுருவும் ஒளி மூடியில் அமைந்த ஸ்கேனர் வேண்டும். முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மில்லிமீட்டர். அங்குலத்திற்கு 2400 புள்ளிகள் வீதம் எடுத்தால் ஏறத்தாழ 77 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும்; சுவரில் மாட்டும் படத்திற்கு அது போதும். பிலிமின் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். தூசியை மெல்லிய தூரிகையால் நீக்கலாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தூசியைத் தானே நீக்கும் அகச்சிவப்புக் கதிர் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. வெள்ளித் துகளாலான கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு அது உதவாது. பளபளப்பான பக்கம் எது, மங்கிய பக்கம் எது என்று பாராமல் வைத்தால் இடம் வலமாகும். குருவானவர் இடக்கையால் ஆசீர்வதிப்பார்!

ஸ்கேனர் இல்லாதோர், வெண்ணிறத் திரைக்குச் சற்று மேலே பிலிமைப் பிடித்துக் கைப்பேசியால் எடுத்து, நிறங்களை எதிர்மாற்றிக் கொள்ளலாம். தரம் குறையும், ஒன்றுமே இல்லாதிருப்பதைவிட மேல்.

கருவியைவிட அவசரமானது வேறொன்று. புதுநன்மை வாங்கிய சிறுமியர் வரிசையில் மூன்றாமவள் யார் என்பதை அறிந்தவர், வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவராகவே இருக்கலாம். அவர் அருகில் அமர்ந்து, திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிப் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை உடனே எழுதிக்கொள்ளுங்கள். பெயரற்ற முகத்தைப் பேரப்பிள்ளைகள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெயரோடு சேர்த்து இரு பிரதிகளை இரு வேறு வீடுகளில் வையுங்கள்.

படியெடுத்த பின்னும் நெகட்டிவை எறிய வேண்டா. புதிய காகித உறையிலிட்டு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஓட்டுக்கூரையின் கீழுள்ள பரண் அதற்கு ஏற்றதன்று.