மொனசைற்று என்னும் கனிப்பொருள்

வன்னிப் பெருநிலத்தின் கீழ்க்கரையிலே, கொக்கிளாயிலிருந்து தெற்கே புல்மோட்டை நோக்கிச் செல்வோர், வெண்மணலினிடையே கருமணல் படிந்திருத்தலைக் காண்பர். அக்கருமை பெரும்பாலும் இல்மனைற்றினால் ஆயது. அதனுடன் மிகச் சிறிதளவாய்த் தேன்நிற மணிகளும் கலந்துள. அவையே மொனசைற்று. பாறையிற் பிறந்த இப்பொருள் கடற்கரையில் வந்து குவிந்தது எவ்வாறு என ஈண்டு ஆராய்வோம்.

மொனசைற்றென்பது சீரியம், இலந்தனம் முதலிய அருமண் உலோகங்களின் பொசுபேற்று. தோரியமும் அதில் அடங்கும். பாறைக்குழம்பு இறுகுங்கால், ஏனைக் கனிப்பொருள்களில் இடம்பெறாத மூலகங்கள் எஞ்சிய குழம்பிற் சேர்கின்றன. அக்குழம்பு வெடிப்புகளிற் புகுந்து பருமணிகளாய் உறைந்த பாறையே பெக்மத்தைற்று. அதனுள் மொனசைற்று ஆங்காங்கே தனித்த பளிங்காய்க் காணப்படும். 'தனித்திருத்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும், 1829 இல் பிரைத்தவுப்து என்னும் செருமானிய அறிஞர் இப்பெயரை அமைத்தார். நைசுப் பாறைகளிலும் இது நுண்மணிகளாய் உண்டு.

இதன் நிறம் மஞ்சள் முதல் செங்கபிலம் வரை; பளபளப்புக் குங்கிலியத்தை ஒக்கும். வன்மை 5 முதல் 5.5 வரை. தன்னீர்ப்பு ஏறத்தாழ 5. வெண்மணலாகிய படிகக்கல்லுக்கோ அது 2.65 மட்டுமே. மழையும் வெயிலும் இதனை எளிதிற் சிதைக்கமாட்டா. ஆகவே தாய்ப்பாறை உக்கிய பின்னும் இது எஞ்சி, ஆற்றுவழியே கடலை அடைகின்றது. சுளகிற் புடைக்கும்போது பதர் அகல நெல் நிற்பதுபோல, அலை இலேசான மணலைக் கொண்டுபோகப் பாரமான மணிகள் கரையில் நிற்கின்றன.

மணவாளக்குறிச்சியில் நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது. அன்று திருவிதாங்கூரிலிருந்து, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர்க் கரையின் மணல், ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டிச் சென்றது. 1909 இல் சோம்பர்க் என்னும் செருமானியரே அதில் மொனசைற்றைக் கண்டார். வாயு விளக்கின் மாண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. கயிற்றின் விலை கரையார்க்குத் தெரிந்திருந்தது. மணலின் விலை தெரிந்திலது.

இன்று மின்னூர்திகளின் வலிய காந்தங்களுக்கு வேண்டிய நியோடிமியமும் மொனசைற்றிலிருந்து கிடைக்கின்றது. எனினும் தோரியம் கதிர்த்தொழிற்பாடுடையது. மணலிற் பரந்து கிடக்குங்கால் சிறிதாயுள்ள கதிர்வீச்சு, பிரித்துக் குவித்தவிடத்துப் பெருகும். அதன் தூசைச் சுவாசித்தல் தீது. மணலை அகழ்ந்தாற் கரையும் தன் காவலை இழக்கும். ஆதலின் நயமும் கேடும் ஒருங்கே எடைபோடப்படல் வேண்டும். எடைபோடுவோருள் அக்கரையில் வலைவீசி வாழ்வோரும் இருத்தல் வேண்டும். அவர்க்கு இவ்வறிவை அவர்தம் மொழியில் எடுத்துரைத்தல் கற்ற நம் கடனாகும்.