வண்ண மீன் தொட்டி: பம்பைப் பார்த்து வடிகுழாயை முடிவு செய்யுங்கள்!

சென்னை கொளத்தூரைப் போலவே, வீட்டுக் கொல்லையில் கண்ணாடித் தொட்டிகளை அடுக்கி வண்ண மீன் வளர்ப்பவர்கள் மற்ற ஊர்களிலும் இருக்கிறார்கள். அடிக்கடி தண்ணீர் மாற்றக் கட்டுப்படியாகாத இடங்களில், எல்லாத் தொட்டித் தண்ணீரையும் கீழே ஒரு சம்ப்பில் இறக்கி, வடிகட்டி, பம்பு மூலம் திரும்ப ஏற்றுவது வழக்கம். பம்பைப் பத்துப் பேரிடம் விசாரித்து வாங்குபவர்கள், வடிகுழாயை மட்டும் கையில் கிடைத்த அளவில் மாட்டிவிடுகிறார்கள்.

பம்பு தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறது. வடிகுழாயிலோ தண்ணீர் தன் எடையால் மட்டும், காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. அதனால் ஒரு இஞ்ச் குழாயில் ஏறும் தண்ணீர், அதே ஒரு இஞ்ச்சில் இறங்கிவிடாது. இறங்காவிட்டால் தொட்டி வழியும். மீன் தரையில் கிடக்கும். சம்ப் வற்றி பம்பும் கருகும். ஒரே இரவில் முதல் போய்விடும்.

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 225 லிட்டர் நிற்கும். கப்பி, மோலி போன்றவற்றுக்குத் தண்ணீர் மணிக்கு இரண்டு முறை சுற்றினால் தாராளம். அப்படியானால் ஒரு தொட்டிக்கு 450 லிட்டர், பத்துத் தொட்டிக்கு 4,500 லிட்டர். நேராக இறங்கும் குழாயில், 32 மி.மீ. (கடையில் ஒரு இஞ்ச் என்பது இதுதான்) மணிக்கு 1,000 லிட்டரையும், 50 மி.மீ. 3,000 லிட்டரையும், 63 மி.மீ. 5,000 லிட்டரையும் சத்தமில்லாமல் இறக்கும். இதைவிடக் கூடுதலாகவும் போகும். ஆனால் பாசியும் கழிவும் படியுமே, அதற்கும் இடம் வேண்டும். எனவே தொட்டிக்குத் தொட்டி 32 மி.மீ. போதும்.

பத்தையும் சேர்க்கும் படுக்கைக் குழாயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எட்டடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம் கொடுத்தால், 75 மி.மீ. குழாய் பாதி நிறைந்து ஓடி 4,500 லிட்டரைக் கொண்டுபோகும். மேல்பாதி காற்றுக்கு. இடமிருந்தால் 90 மி.மீ. போடுவதே நல்லது, பின்னால் நான்கு தொட்டி சேர்த்தாலும் தாங்கும். திருப்பங்களில் ஒரே எல்போவை வைக்காமல், 45 டிகிரி பெண்டு இரண்டு வைத்தால் அடைப்பு குறையும். சம்ப்புக்குள் இறங்கும் குழாய்முனை தண்ணீரில் ஒரு இஞ்ச் முங்கினால் போதும். ஆழமாக முங்கினால் காற்று வெளியேற வழியின்றிக் குடகுடவென்று சத்தம் போடும்.

வடிகுழாயில் எக்காரணம் கொண்டும் வால்வு வைத்து ஓட்டத்தைக் குறைக்கக் கூடாது. குறைக்க வேண்டுமானால் பம்பு பக்கம் குறைக்கலாம். குஞ்சு போய்விடாமல் வலை கட்டுபவர்கள், குழாய்வாயில் மட்டும் சுற்றாமல் அகலமான கூடு போல மாட்ட வேண்டும்; சின்ன வலை ஒரு இலைத்துண்டுக்கே அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தொட்டியிலும் முதல் குழாயைவிட ஒரு இஞ்ச் உயரத்தில் இன்னொரு குழாய் இருந்தால், அடைத்த நாளில் அது காப்பாற்றும். அந்தச் செலவு பெரிதல்ல.

கரன்ட் போகும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பம்பு நின்றதும், தண்ணீர் விடும் குழாய்முனை 4 இஞ்ச் முங்கியிருந்தால், அதுவரை தண்ணீர் அதே குழாய் வழியே திரும்ப இறங்கிவிடும். தொட்டிக்கு 56 லிட்டர் என்றால், பத்துத் தொட்டிக்கு 560 லிட்டர்! சம்ப் வழிந்துவிடும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து இறங்குவது நின்றுவிடும். அப்படியும் சம்ப்பில் 200 லிட்டருக்குக் காலியிடம் இருக்கட்டும். துளையைப் பாசி மூடாமல் வாரம் ஒருமுறை குத்திவிட வேண்டும்.

இரண்டு, மூன்று தொட்டி மட்டும் உள்ளவர்களுக்கு இதெல்லாம் வீண் செலவு. ஏரேட்டரும் ஸ்பாஞ்ச் வடிகட்டியுமே போதும். சம்ப் வைத்தவர்கள் புதிதாக வாங்கிய மீனை இந்தச் சுற்றில் சேர்க்காத தனித் தொட்டியில் இரண்டு வாரமாவது வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒன்றாக ஓடும்போது நோயும் ஒன்றாகவே ஓடும். மீன் விடுவதற்கு முன், வெறும் தண்ணீரை ஒரு நாள் முழுக்க ஓட்டி, நடுவில் நான்கைந்து முறை சுவிட்சை அணைத்துப் பார்ப்பது அவசியம்.