விசா பயம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

பிரிட்டனில் படிக்கும் நம் பிள்ளைகள் பலரிடம் ஒரு முரண்பாட்டைப் பார்க்கலாம். சம்பளம் தராத முதலாளியையோ, டெபாசிட்டை அமுக்கிக்கொண்ட வீட்டுக்காரரையோ தட்டிக் கேட்கச் சொன்னால் நடுங்குவார்கள்: ‘விசாவுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?’ அதே பிள்ளைகள், விசாவை உண்மையிலேயே காவு வாங்கக்கூடிய காரியங்களைச் சர்வசாதாரணமாகச் செய்துகொண்டிருப்பார்கள். ஏஜென்ட்டின் அக்கறை விசா கிடைத்ததோடு முடிந்துவிடுகிறது. மீதியை அறை நண்பர்கள்தான் சொல்லித் தருகிறார்கள், பாதி தப்பாக.

பயப்பட வேண்டியவற்றை முதலில் பார்ப்போம். பட்டப்படிப்பு, முதுகலை மாணவர்கள் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 12, அடுத்த வாரம் 28, சராசரி 20 என்ற கணக்கு அங்கே செல்லாது. இரண்டு கடைகளில் வேலை என்றால் இரண்டையும் கூட்டித்தான் 20. எம்.எஸ்ஸி. மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் ஜூன் மாதத்தில். வகுப்புகள் முடிந்துவிட்டன, லீவுதானே என்று முழு நேர வேலையில் சேர்ந்துவிடுகிறார்கள். டிசர்டேஷன் எழுதும் அந்தக் கோடையும் ஓராண்டு முதுகலைப் படிப்புகளில் பொதுவாகப் படிப்புக் காலமே. பல்கலைக்கழகம் வெளியிடும் தேதிகளைப் பார்க்காமல் கூடுதல் ஷிப்ட்டுக்குத் தலையாட்டக் கூடாது.

சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்வது இன்னும் ஆபத்து. மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதியே இல்லை. டெலிவரி ஆப்களுக்கு ஓட்டுவது சுயதொழில் கணக்கில்தான் வரும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் விதிமீறல். ‘அக்கவுண்ட் என் பேரில் இல்லை, ஒரு அண்ணன்கிட்ட வாடகைக்கு எடுத்தது’ என்பது தப்பிக்கும் வழியல்ல; மாட்டினால் சிக்கல் இரட்டிப்பு.

‘உன் அக்கவுண்டுல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தர்றேன்’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் அது மோசடிப் பணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சட்டவிரோதப் பணப் பரிமாற்றச் சட்டத்தில் அதிகபட்ச தண்டனை 14 ஆண்டுகள். வழக்கு வராவிட்டாலும் வங்கிக் கணக்கை மூடிவிடுவார்கள். மோசடித் தடுப்புப் பதிவேட்டில் பெயர் 6 ஆண்டுகள் வரை கிடக்கும். கல்லூரிக் கட்டணத்தைத் தள்ளுபடியில் கட்டித் தருகிறேன் என்பவரும் இதே ரகம். திருட்டுக் கார்டில் கட்டி ரசீதைக் காட்டுவார், நீங்கள் அவருக்குப் பணம் அனுப்புவீர்கள், சில நாளில் அந்தக் கட்டணம் ரத்தாகும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளம் வழியாக மட்டுமே கட்டுங்கள். போனில் ‘ஹோம் ஆபீஸ்’ (பிரிட்டன் உள்துறை) என்று மிரட்டிப் பணம் கேட்டால் வைத்துவிடலாம். பணம் போய்விட்டதா? 159 என்ற எண் பெரும்பாலான வங்கிகளுக்கு நேராக இணைப்புக் கொடுக்கும்.

இனி, பயப்படத் தேவையில்லாதவை. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ ‘தம்பி, நம்ம கடைதானே’ என்று கையில் காசாகக் கொடுக்கும் முதலாளியும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். (ஊர்ப்பாசம் பேசுகிறவர் பேஸ்லிப் கேட்டதும் முகம் சுளித்தால் புரிந்துகொள்ளுங்கள்.) 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்ட் என்பது 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்ச ஊதியம், ஏப்ரல்தோறும் மாறும். ட்ரெயினிங் என்று சொல்லி ஒரு வாரம் சும்மா வேலை வாங்க முடியாது. பேஸ்லிப் உங்கள் உரிமை. புகார் கொடுப்பது விசா விதிமீறல் ஆகாது. ஏகாஸ் என்ற பொது அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்லும்.

வீட்டு டெபாசிட்டும் அப்படித்தான். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால், இங்கிலாந்தில் 5 வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் அதைச் சேர்த்து, விவரத்தை உங்களுக்கும் தர வேண்டும். தவறினால் டெபாசிட்டின் 1 முதல் 3 மடங்கு வரை தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஒரு ஓட்டை உண்டு: வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை எடுத்தால் டெபாசிட்டைத் திட்டத்தில் சேர்க்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. செலவு மிச்சம் என்று நம்மவர்கள் அதிகம் எடுப்பதும் அத்தகைய அறைகளைத்தான். அங்கே பெரிய தொகையைக் கொடுத்து வைக்காதீர்கள். ஊரிலிருந்தே, அறையைப் பார்க்காமலே முன்பணம் அனுப்புவதும் வேண்டாம். அங்கிருக்கும் நண்பர் ஒருவர் நேரில் போய்க் கதவைத் திறந்து பார்க்கட்டும்.

எதற்கும் முதல் படி பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசகர். விசா யோசனையைக் காசு வாங்கிக்கொண்டு சொல்லும் வெளி ஆட்கள் பதிவு பெற்றவர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவில்லாமல் அந்தத் தொழில் செய்வதே அங்கே குற்றம். பாஸ்போர்ட் தொலைந்தால், கைதானால், லண்டன் இந்தியத் தூதரகமும் பர்மிங்காம், எடின்பரோ துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

ஏற்கெனவே 20 மணியைத் தாண்டி உழைத்து, அந்தச் சம்பளமும் வராமல் தவிப்பவர்கள் நேராகப் புகார் எழுத உட்காராமல், முதலில் மாணவர் சங்கத்திலோ இலவச சட்ட உதவி மையத்திலோ பேசிவிட வேண்டும். அதற்குள் ஷிப்ட் பட்டியல், முதலாளியின் வாட்ஸ்அப் தகவல்கள், வங்கியில் விழுந்த தொகை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனில் மட்டும் வைக்காமல் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். வழக்குத் தொடரும் காலவரம்பு மாதக் கணக்கில்தான். ‘செமஸ்டர் முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டால் அது கடந்துவிடும்.