காரின் 'ஏர்த்' வயரை மறவாதீர்!

பருத்தித்துறை வாசிகளாகிய நமக்குக் கடற்காற்றின் குணம் தெரியாததன்று. இரும்புப் படலையையும் கிணற்றுக் கப்பியையும் அரிக்கும் அவ்வுப்புக் காற்று, மோட்டார்க் காரின் பற்றரி இணைப்புகளையும் விட்டுவைப்பதில்லை.

காலையில் கார் 'ஸ்ரார்ட்' ஆகாவிடின், பற்றரியே பழுதென எண்ணிப் புதியதொன்றை வாங்குவோர் பலர். குற்றம் பெரும்பாலும் இருநூறு முந்நூறு அம்பியரைச் சுமக்கும் ஏர்த் வயரில் இருத்தல் கூடும். பற்றரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஸ்ரார்ட்டர் மோட்டாரைச் சுழற்றியபின் இவ்வயர் வழியாகவே மீளவேண்டும். சென்ற அளவு திரும்பவேண்டுமாதலால், இது மற்றைய வயரினும் மெலிந்திருத்தலாகாது. சிறிய காருக்கும் 25 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செப்பு வயரே தக்கது. இருநூறு அம்பியர் ஓடுகையில், துருவேறிய இணைப்பில் நூறிலொரு ஓம் தடை இருந்தாலே, 12 வோல்ற்றில் 2 வோல்ற் வீணாகிவிடும்.

வாங்கும்போது வயரின் நுனியைக் கத்தியாற் சுரண்டிப் பார்த்தல் நன்று. உள்ளே வெள்ளையாகத் தெரியின், அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துந் திறன் செம்பினதில் ஏறத்தாழ 60 வீதமே.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடி நம்மவரைக் காத்தவை பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள். அவற்றை இன்றும் பேணுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகியவற்றில் 1950களில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்காலக் கார்களிலோ எதிர்முனை. பின்னர் மாற்றியமைக்கப்பட்ட பழைய கார்களும் உண்டு. ஆகவே எம்முனை ஏர்த் என அறிந்த பின்னரே பற்றரியைப் பூட்டுக.

எஞ்சின் இறப்பர்த் தாங்கிகள்மீது அமர்ந்திருப்பதால், அதனை உடலோடு இணைக்கும் பட்டை வயரும் இன்றியமையாதது. அது அறுந்தால் மின்சாரம் 'சோக்' கம்பி வழியாகப் பாய்ந்து, அதனைச் சுட்டுப் புகையச் செய்யும்.

வயர் பூட்டுமிடத்து வர்ணத்தையும் துருவையும் சுரண்டி, உலோகம் பளிச்சிட்டபின் இறுக முடுக்கி, மேலே வசலீன் பூசுக. கழற்றும்போது ஏர்த் முனையை முதலிலும், பூட்டும்போது இறுதியிலும் கையாளுக. அவ்வாறு செய்யின், ஸ்பனர் தவறி உடலிற் பட்டாலும் தீப்பொறி எழாது.

அடுத்த முறை கார் முரண்டுபிடித்தால், கடைக்கு ஓடுமுன் இவ்வொரு வயரைப் பாருங்கள்.