மாரடைப்புக்குப் பின் மறைந்திருக்கும் ஆபத்து

இதயத்தின் வலது அறையிலுள்ள குருதியே அதற்கு உணவாகிறது என்று இப்னு சீனா கருதினார். 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு நஃபீஸ் இதனை மறுத்தார். இதயத் தசைக்குள் ஊடுருவிச் செல்லும் நாளங்கள் வழியாகவே அதற்கு உணவு கிடைக்கிறது என்று எழுதினார். அந்நாளங்களையே இன்று கரோனரித் தமனிகள் என்கிறோம். அவற்றுள் ஒன்று அடைபடும்போது மாரடைப்பு நேர்கிறது.

அடைப்பை நீக்கி ஸ்டென்ட் பொருத்தியதும் நோயாளி ஆறுதல் அடைகிறார். ஆயினும் பிற இடங்களிலும் கொழுப்புப் படிவுகள் இருக்கக்கூடும். ஆஞ்சியோகிராம் குருதி ஓடும் பாதையின் அகலத்தை மட்டுமே காட்டும். சுவருக்குள் இருப்பதைக் காட்டாது. கொழுப்பு மிகுந்த படிவின்மேல் 65 மைக்ரானுக்கும் மெல்லிய நார்த்திசு மூடி இருந்தால், அது கிழிந்து குருதி உறையும் வாய்ப்பு அதிகம். அம்மூடியின் பருமன் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் அளவே.

இதனைக் காண, தமனிக்குள்ளேயே நுண்குழாயைச் செலுத்துகின்றனர். அதன் முனையிலிருந்து எழும் மீயொலி, படிவின் மொத்த அளவைக் காட்டுகிறது. ஓ.சி.டி. எனும் முறை, அகச்சிவப்பு ஒளியால் 10 முதல் 20 மைக்ரான் வரையிலான நுட்பத்துடன் மூடியை அளக்கிறது.

2011-இல் வெளியான 'பிராஸ்பெக்ட்' ஆய்வு 697 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. 3 ஆண்டுகளில் சிகிச்சை பெற்ற இடங்களால் 12.9 விழுக்காட்டினரும், பெறாத இடங்களால் 11.6 விழுக்காட்டினரும் மீண்டும் இதயப் பாதிப்புக்கு உள்ளாயினர். பின்னவற்றுள் பெரும்பாலானவை ஆஞ்சியோகிராமில் சிறியனவாகவே தோன்றியிருந்தன.

எனினும், மெல்லிய மூடி, மிகுந்த படிவு, குறுகிய பாதை ஆகிய மூன்று அறிகுறிகளும் ஒருங்கே அமைந்த இடங்களிலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே பாதிப்பை விளைவித்தன. ஆகவே, எந்தப் படிவு கிழியும் என்பதைப் படத்தைக் கொண்டு மட்டும் உறுதியாகக் கூற இயலாது. ஐயத்துக்குரிய இடமெல்லாம் ஸ்டென்ட் பொருத்துவதும் பொதுவழக்காகிவிடவில்லை.

மருந்தோ எல்லாத் தமனிகளையும் சென்றடைகிறது. மாரடைப்பு கண்டவர்களிடம் நடத்தப்பெற்று 2022-இல் வெளியான 'ஹைகன்ஸ்' ஆய்வில், ஸ்டாட்டின் மருந்துடன் எவோலோகுமாப் ஊசியும் பெற்றோரின் மூடி ஓராண்டில் 42.7 மைக்ரான் தடித்தது. ஊசி பெறாதோரிடம் 21.5 மைக்ரான். இவ்வளர்ச்சியை அளந்து காட்டியது அதே ஓ.சி.டி. முறைதான்.

நெஞ்சுவலி நீங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவோர் நம்மில் பலர். உடல் இறைவன் அளித்த அமானிதம் என்று நம்புவோர், வலியில்லாத நாள்களிலும் மருத்துவர் சொன்ன மருந்தைத் தொடர்வதும் புகைப்பழக்கத்தைக் கைவிடுவதும் கடமையாகும்.